நோன்பு என்று சொன்னாள்

அக்டோபர் 14, திங்கள்
இன்றும் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அறைத்தோழி விதாத் நோன்பு. அவள் எதிரில் வைத்துக்கொண்டு மெல்ல மனம் வரவில்லை. ரமலானில் விட்டுப்போன நாட்களுக்கு இப்போது ஈடு செய்கிறாளாம். திங்கள், வியாழன் நோன்பு வேறு. ஞாயிறு சர்ச்சுக்குப் போகவே சோம்பல்படும் எனக்கு அவளைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

பக்கத்து அறை ஹிதாயா அக்கா என்னைப் படியில் பார்த்துவிட்டு, "இபான் பழங்குடிப் பொண்ணுக்கு இருக்கிற மரியாதை எங்க ஆளுங்களுக்கே இல்ல பாரேன்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்
விதாத் நோன்பு. நான் மாடிப்படி.

அக்டோபர் 29, செவ்வாய்
மருந்தியலில் விதாத் மறுபடியும் ஃபெயில். சொந்த ஊர் கிளந்தானில் அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நாள் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தாள். அழுதாளா? போர்வையை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்
துணி காயப்போடும் இடத்தில் ஹிதாயா அக்கா, "விதாத் தொழ வரலியே?" என்றார்.

"லீவாம்க்கா." மாதவிலக்குக்கு இங்கே அதுதான் பேர். "இன்னிக்கு அவ நோன்பு திறக்கன்னு நானே பேரீச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அக்கா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "லீவுல என்ன நோன்பு? அப்போ வைக்கவே கூடாதும்மா."

எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷம் இவர்களோடு இருந்தும்—

அறைக்கு ஓடினேன். பழப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. "கடைசியா எப்போ சாப்பிட்ட?" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எதுவும் இறங்க மாட்டேங்குது லென்னா. நோன்புன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

நவம்பர் 6, புதன்
கஞ்சி கொடுத்தேன். வாந்தி. ஹிதாயா அக்கா வந்து விசாரித்தார். "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்க்கா" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி
அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வார்டனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது, "சத்தியம் பண்ணினியே" என்றாள்.

எதுக்கு இத்தனை நாளு வாயை மூடிட்டு இருந்தேன்? எந்த மரியாதைக்கு?

நவம்பர் 17, ஞாயிறு
விதாத்தின் அம்மா அறையைக் காலி செய்ய வந்தார். சிறுநீரகம் கெட்டிருக்கிறதாம். அலமாரித் துணிகளை மடித்துக்கொண்டே பேசினார். "போன் பண்ணா, நோன்பும்மான்னு சொல்லுவா. நானும் பூரிச்சுப்போய் ஊரெல்லாம் சொன்னேன். நீ கூடவே இருந்தியேம்மா, சாப்பிட்டாளா இல்லியா?"

"ரொம்ப நாள் நான் கேக்கவே இல்லம்மா."

"நானுந்தான்" என்றார். பிறகு இருவரும் சேர்ந்து பெட்டியைக் கட்டினோம்.

டிசம்பர் 3, செவ்வாய்
ஹிதாயா அக்கா கிளந்தானில் கோத்தா பாரு வரை போய் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் டயாலிசிஸ்தானாம். கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாளாம். "லென்னா வந்து பாக்கலாமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம்" என்றாளாம்.

அடுத்த வாரமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.