டிலானிக்குத் திறந்த கதவு

என் செல்ல மகள் டிலானிக்கு,

ஐஸ் உருகிவிட்டது, பிள்ளை. பருவத்தின் கடைசி ஆட்டமும் முடிந்து, மண்டபத்தில் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். இனிக் கோடை முழுவதும் அங்கே வெறும் சீமெந்துத் தரைதான். நீ போனதும் இப்படி ஒரு கோடையில்தான். அதனால் நீ இல்லாமல் போன பருவத்தைத் தொடக்கத்திலிருந்து உனக்குச் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். நீ கேட்பாய் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்காதே. வகுப்பின் கடைசி வாங்கில் நித்திரை கொள்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நான் பாடம் நடத்தினேன்.

இதை நமது சங்கத்து மலரில் போடப் போகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பகலில் கண்ணாடிக் கடையில் ஊராரின் பார்வையைச் சோதித்தாய். வேலை முடிந்தால் ஒரு ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் கோல் காப்பாளராக நின்றாய். பெரிய கழகம் இல்லை. தொந்தி வைத்தவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும், ஆணும் பெண்ணுமாக, ஆசைக்கு விளையாடுகிற கூட்டம். பெரிய கழகங்கள் விட்டுவைத்த நேரத்தில்தான் அவர்களுக்கு ஐஸ் கிடைக்கும். உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் யூட். நமது மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை, உன்னோடு தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்தவன், இப்போது இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், பஸ் ஓட்டுகிறான்.

முதல் நாள் வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அப்பா, நான் கோலில நிக்கிறன். அங்க நிண்டால் கனக்க ஓடத் தேவையில்லை.”

புதிதாக வருகிற ஆளை ஏமாற்றிப் பேய்க்காட்டிக் கோலில் நிறுத்துவது அவர்கள் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் நீ அந்த இடத்தைவிட்டு வரவேயில்லை.

நான் ஓய்வு பெற்று, வீட்டிலிருந்து அம்மாவின் சமையலுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு ஒரு வேலையும் தந்தாய். வீரர்கள் வரிசையாக இருக்கும் நீள வாங்குக்கும் ஐஸுக்கும் நடுவே பலகைச் சுவர் ஒன்று உண்டு. அதில் சின்னக் கதவு. மற்றவர்கள் அவசரத்துக்குச் சுவர்மேலால் பாய்வார்கள். அடி படாமல் காலில் கட்டுகிற அந்தப் பெரிய மெத்தைக் காப்புகளோடு உன்னால் பாய முடியாது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலால் பின்தங்கியிருந்தால், கோலை வெறுமையாக விட்டுவிட்டு நீ வாங்குக்கு ஓடிவருவாய். உனக்குப் பதிலாகக் கோல் அடிக்கக் கூடுதலாக ஒருவர் இறங்குவார். நீ வரும்போது கதவைத் திறப்பது என் வேலை.

நாம் அநேகமாகப் பின்தங்கித்தான் இருப்போம். ஆகவே அநேகமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் நீ என்னை நோக்கி ஓடிவந்தாய். பாலர் பள்ளி வாசலுக்குப் பிறகு நீ அப்படி ஓடிவந்தது அந்தக் கதவடிக்குத்தான். அதை நான் உனக்கு ஒருநாளாவது சொன்னேனா?

இலையுதிர்காலத்தில் முதல் ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். யூட் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“மாஸ்ரர், கதவுக்கு ஆளில்லை. வாறியளோ?”

“வேற ஆரும் திறக்கலாந்தானே, தம்பி.”

“திறக்கலாம். ஆனால் ஆரும் மாட்டினமாம்.”

போனேன். ஆட்டம் தொடங்க முன் எல்லோரும் வரிசையாக வந்து உன் கால் காப்பில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார்களே, அந்த வழக்கம் நினைவிருக்கிறதா? அன்று கோலில் நின்றது எதிரணி இரவல் தந்த ஒரு மனிதர். இவர்கள் அவரைத் தட்டினார்கள். தட்டிவிட்டுப் போகவில்லை. அவருக்குப் பின்னால் சுற்றிப் போய், ஒவ்வொருவராகக் கோல் கம்பத்திலும் தட்டினார்கள். அந்த மனிதர் ஒதுங்கி வழிவிட்டார்.

நான் பூச்சியத்தை எப்படிப் படிப்பிப்பேன் என்று உனக்குத் தெரியும். இருநூற்றைந்து என்று எழுதிவிட்டு, “நடுவில் நிற்பதற்கு என்ன பெறுமதி?” என்று கேட்பேன். “ஒன்றுமில்லை” என்பார்கள் பிள்ளைகள். அழித்துக் காட்டுவேன். இருபத்தைந்து நிற்கும். அன்று அந்தக் கம்பத்தடியில் யாரும் இல்லைதான். ஆனால் அந்த இடத்தை அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதே ஆட்டத்தில் நான் ஒரு பிழை விட்டேன். ஒரு கோல் பின்னால் நிற்கிறோம். மணிக்கூடு கடைசி நிமிடத்துக்கு வந்தது. எங்கள் கப்டன் ஊவ, கூரை வேலை செய்கிற அந்தப் பெரிய மனிதர், கோல் காப்பாளரைக் கூப்பிடவேயில்லை. என் கை தன்பாட்டில் கொழுவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டது. திறந்து, ஓரமாக விலகி, இடம்விட்டுக்கூட நின்றேன். அந்த நேரம் பார்த்து யூட் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, மட்டையால் தள்ளிக்கொண்டு எதிரணிக் கோலை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். திறந்த கதவைக் கண்ட நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாறிப் போன பிறகும், வரவு கூப்பிடும்போது அந்தப் பெயரடியில் வாத்தியாரின் நாக்கு ஒரு கணம் நிற்கும். அதைப்போலத்தான். ஆனால் அங்கே யாருக்கு இந்த உதாரணத்தைச் சொல்வது?

ஊவ சறுக்கிக்கொண்டு வந்தார். ஏச்சுக் கிடைக்கும் என்று நினைத்தேன். கையுறையை என் தோளில் வைத்தார்.

“கதவைச் சாத்துங்கள், வாத்தியார் ஐயா” என்றார் ஜெர்மனில். “குளிர் வருகிறது.”

ஐஸ் மண்டபத்துக்குள் நின்றுகொண்டு குளிராம். வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நானும் சிரித்தபடி சாத்தினேன். கொழுவி இரண்டாம் தரம்தான் சரியாக விழுந்தது.

பிறகு ஊர் ஊராகப் போனோம். ஆஹென் பக்கம் ஒரு ஆட்டத்துக்குக் கழகத்து வான் வண்டியில் போகும்போது, உன் ஆசனத்தில் ஒருவரும் இருக்கவில்லை. ஜக்கெற்றுகளைத்தான் போட்டார்கள். இன்னொன்றும் குறைந்தது. அம்மா சுருட்டிப் பொரித்துத் தருகிற றோல்ஸ். ஒவ்வொரு பயணத்துக்கும் நீ மடியில் வைத்துக்கொண்டு வருவாயே, அந்தப் பெட்டி. அம்மா எண்ணெய்ச் சட்டி வைப்பதை விட்டுவிட்டாள். பசியோடு வண்டியில் ஏறுகிற அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் இறங்கிக் காய்ந்த பாண் வாங்கித் தின்றார்கள்.

இரவல் காப்பாளர்கள் மாறி மாறி வந்தார்கள். சில நாள் ஒருவரும் வரவில்லை, ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தோம். சொந்தமாக ஒரு கோல் காப்பாளர் கிடைக்காவிட்டால் டிரெஸ்டனில் நடக்கும் கடைசிப் போட்டிக்குப் போவதில்லை, அடுத்த பருவத்துக்குக் கழகமும் இல்லை என்று ஊவ சொல்லிவிட்டார்.

தை மாதத்தில் காத்தி வந்தாள். கின்டர்கார்டனில் வேலை செய்கிற பெண். சின்ன வயதில் கோலில் நின்றவளாம், விட்டுவிட்டு எல்லாவற்றையும் விற்றுவிட்டாள். யாரோ ஒருவருடைய பழைய காப்புகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆளுக்குப் பெரிசு, அசைந்தால் சுழன்றுவிடும். இரண்டாவது பயிற்சியிலேயே பக் தொடையில் பட்டு, நொண்டிக்கொண்டு போனாள்.

அன்று திரும்பும் வழியில் யூட்தான் வான் ஓட்டினான். சிக்னலில் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“மாஸ்ரர், காத்தியும் டிலானியும் ஒரே உயரம், என்ன?”

“ஓம்.”

“நான் ஒண்டும் கேக்கேல்ல. சும்மா சொன்னனான்.”

உன் காப்புகள் கிடக்கிற பையைத்தான் கேட்கிறான். அந்தப் பையின் கதையைச் சொல்லட்டுமா? நீ இருந்தபோது அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விட்டதில்லை. “செத்த எலி மணக்குது, பல்கனியில வை” என்று வாசலிலேயே மறிப்பாள். உன் செத்தவீடு முடிந்து சனமெல்லாம் போன அன்று, அம்மா அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உன் கட்டிலடியில் வைத்தாள். பையின் சிப்பை இழுத்துத் திறக்கவும் இல்லை, திறக்க விடவும் இல்லை.

அம்மாவிடம் நான் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன்.

“பிலோமினா, அந்தப் பைக்குள்ள ஈரம் கிடக்கும். பூஞ்சணம் பிடிச்சிடும்.”

“பிடிக்கட்டும்.”

“அங்க ஒரு பிள்ளை காப்பில்லாமல் அடிபடுது.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள். “இஞ்சேருங்கோ, அவளின்ர சட்டை, தலகாணி, போர்வை எல்லாத்தையும் தோச்சுப்போட்டன். மடைச்சி மாதிரித் தோச்சுப்போட்டன். இனி அந்தப் பைக்குள்ள மட்டுந்தான் என்ர பிள்ளையின்ர மணம் கிடக்கு. அதுக்கு மேலயும் இன்னொருத்தியின்ர வேர்வை வரவேணுமோ?”

அம்மாவோடு இருந்து நானும் கீரை ஆய்ந்தேன், டிலா. இதற்கு என்னிடம் ஒரு உதாரணமும் இல்லை. காத்தியிடம் போய், உனக்குத் தர ஏலாது என்று சொல்லவும் முடியவில்லை. அம்மாவிடம் இருப்பதைப் பறிக்கவும் முடியவில்லை. நான் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவேயில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவே கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு எவ்விடத்தில அடிபட்டது?”

“தொடையில. நீலம் பாரிச்சுப் போச்சாம்.”

“எண்ணெய் போட்டுத் தேய்க்கத் தாய் இருக்கோ?”

“தாய் எங்கயோ வடக்க இருக்கிறாவாம். இவள் தனியத்தான்.”

அம்மா எழுந்து கை கழுவினாள். நான் சாப்பாட்டை முடிக்கவில்லை, உன் அறையில் சிப் திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பையைத் திறந்து வைத்து, பக்கத்தில் தரையில் இருந்தாள். முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள்.

“நாறுது” என்றாள். “அப்பிடியே நாறுது.” சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் பல்கனிக்குக் கொண்டுபோய், மாசி வெயிலில், துணிக்கொடியில் தொங்கவிட்டோம். முன்வீட்டுக் கிழவி யன்னலால் எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் நீ தலையில் கட்டுகிற நீலத் துணியை மட்டும் அம்மா தனியாக எடுத்து ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து முடிந்தாள். அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டாளாம். அது உன்னிடம் கேட்காமல் எடுத்த முடிவு. சரிதானே?

டிரெஸ்டனுக்குப் போகிற காலை வீட்டில் எண்ணெய் மணத்தது. அம்மா பெட்டியோடு வாசலில் நின்றாள். “நானும் வாறன்” என்றாள். பக் பறந்துவந்து அடிக்கும் என்ற பயத்தில் உன் ஆட்டம் ஒன்றுக்கும் வராதவள். நீ எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாய்? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். அது அவளுக்குத் தெரியாத கணக்கா?

வான் வண்டியில் உன் ஆசனத்து ஜக்கெற்றுகளை ஊவ அவசரமாக அள்ளினார். அம்மா அதில் இருந்தாள். பெட்டி மடியில்.

மண்டபத்தில் அம்மாவைத் தனியே பார்வையாளர் பக்கம் விட யூட்டுக்கு மனம் இல்லை. எங்கள் வாங்கின் மூலையில் இருத்தி, தன் மேலதிக ஹெல்மெட்டைக் கம்பளித் தொப்பிக்கு மேலால் மாட்டிவிட்டான்.

“அன்ரி, இப்ப நீங்கள்தான் ரீமில வடிவான ஆள்.”

“போடா, கழுத்துப் பிடிக்குது.”

காத்தி உன் காப்புகளோடு கோலில் நின்றாள். தட்டுவதற்கு எல்லோரும் போனார்கள். போனவர்கள் அவள் முன்னால் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அந்தக் காப்பின் முழங்காலடியில் நீ ஒட்டிய சிவப்பு நாடா அப்படியே இருக்கிறது. காத்தி தலையைக் குனிந்து பார்த்தாள், பிறகு அவர்களைப் பார்த்தாள். கடைசியில் யூட் முன்னுக்குப் போய் ஒரு தட்டுத் தட்டினான். டொக். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். அம்மாவுக்கு அதுதான் முதல் தரம்.

காத்தி நல்லாய்த் தடுத்தாள். உன்னைப்போல முழங்காலில் விழுந்து தடுக்கவில்லை, நின்றே தடுத்தாள். என்றாலும் வழமைபோல ஒரு கோல் பின்னால் நின்றோம். கடைசி நிமிடம். ஊவ கையை உயர்த்தினார். காத்தி கோலை விட்டுவிட்டு எங்களை நோக்கிப் புறப்பட்டாள்.

நான் கொழுவியில் கை வைத்திருந்தேன். உன் காப்புகள் வருகின்றன. உன் சிவப்பு நாடா வருகிறது. யாரும் வராத நாளில் தானாகத் திறந்த அதே கை, இப்போது அசையமாட்டேன் என்று நின்றது. இவளுக்குத் திறந்தால், இனி நீ வரமாட்டாய் என்பது முடிந்த முடிவு ஆகிவிடும். அந்தக் கணத்தில் என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

காத்தி கிட்ட வந்துவிட்டாள். வேகம் குறைக்க அவளுக்கு இடம் இல்லை. எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பெரிதாக இல்லை.

“கதவைத் திறவுங்கோப்பா. பிள்ளை வருது.”

திறந்தேன்.

காத்தி உள்ளே விழுந்து, மூச்சு வாங்க, நீ இருக்கிற அந்த ஓர இடத்திலேயே இருந்தாள். அங்கே யார் இருப்பது வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா ஹெல்மெட்டோடு பக்கத்தில் நகர்ந்துபோய், அவளுடைய தொடையில், அந்த அடிபட்ட பக்கத்தில், காப்புக்கு மேலால் கையை வைத்தாள். இருவருக்கும் பொதுவாக மொழி ஏதும் பெரிதாக இல்லை. கை அப்படியே இருந்தது.

தோற்றுப்போனோம், பிள்ளை. வெறும் கோலுக்குள் அவர்கள் இன்னொன்றையும் போட்டார்கள். திரும்பும்போது றோல்ஸ் பெட்டியை முடித்துவிட்டு ஊவ சொன்னார், இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தோற்று நெடுநாளாகிவிட்டது என்று. அம்மா நித்திரையாகிவிட்டாள். காத்தி உன் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வேறு புதினம் பெரிதாக இல்லை. உன் கடையில் இப்போதும் என் கண்ணாடியைக் காசு வாங்காமல் இறுக்கித் தருகிறார்கள். காத்தி ஞாயிறுகளில் சாப்பிட வருகிறாள், பையைப் பல்கனியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறாள். சில ஞாயிறுகளில் அவள் போன பிறகு அம்மா உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். பொலித்தீன் பை சரசரக்கும். நான் வெளியே நிற்பேன். உள்ளே போகவேண்டுமா, விடவேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

புரட்டாதியில் மீண்டும் ஐஸ் போடுவார்கள். என் கால்கள் நிற்கும் வரைக்கும் அந்தக் கதவை நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் நேரத்துக்குத் திறப்பேன். யாரும் வராதபோது சாத்தியே வைத்திருப்பேன். உனக்காக விலகி நின்ற அந்த இடத்தை மட்டும், திறக்கும்போதெல்லாம், கொஞ்சம் கூடுதலாக விட்டு நிற்பேன்.

கொழுவியில் கை வைத்தபடி,
உன் அப்பா