கோல்போஸ்டில் ஹரிப்ரியா

ஜூன் 14, சனி

காலையில் மகள் ஹரியைச் சதுரங்கப்பட்டினம் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து இந்த டவுன்ஷிப்புக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாக ஃபுட்பால் சொல்லித்தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நடத்துகிறவர் ஏசுபாதம். வார நாட்களில் லோடு வேன் ஓட்டுகிறார். சனி, ஞாயிறு காலையில் கோச். குப்பத்துப் பிள்ளைகள், டவுன்ஷிப் பிள்ளைகள், ஆண், பெண் எல்லாரையும் கலந்துதான் அணி பிரிக்கிறார். வந்த பிள்ளை ஒவ்வொன்றும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும். காசு கிடையாது, அதற்குப் பதில் பெற்றோர் முறைவைத்து வேலை செய்ய வேண்டும். தண்ணீர் கேன், மருந்துப் பெட்டி, ஆட்டத்துக்கு முன்னால் கண்ணாடிச் சில்லு பொறுக்குவது.

அவரிடம் மறைக்கவில்லை. ஹரிக்கு ஒன்பது வயது, வீட்டில் வாய் ஓயாது, வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பிடிவாதம் இல்லை, பயம். கட்டாயப்படுத்தாதீர்கள் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடுவா."

"அப்ப வுடுங்க."

ஜூன் 22, ஞாயிறு

ஓடுகிறாள். பந்து வந்தால் விலகிக்கொள்கிறாள்.

ஜூலை 5, சனி

சில்லு பொறுக்குவது இன்று என் முறை. துர்காதேவி என்று ஒரு பெண், பதினோரு வயது இருக்கும், ஹரியின் அணிக்கு அவள்தான் கேப்டன். நேராக ஹரியிடம் வந்து, "உன் பேரு இன்னா?" என்றாள். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"நான் அவளத்தான் கேட்டேன் ஆன்ட்டி."

சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தில் திமிர் இல்லை. பதிலுக்காக உண்மையாகவே நின்றுகொண்டிருந்தாள். ஹரி காலால் மண்ணைக் கீறினாள். துர்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அப்பறம் சொல்லு" என்று பந்தை அவள் பக்கம் தட்டிவிட்டுப் போனாள்.

நான் வாயை மூடினால்தானே இவள் திறப்பாள்? யோசிக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

போய்ப் பார்த்தால் ஹரி கோல்கீப்பர். எனக்கு வந்ததே ஆத்திரம். "கீப்பர்தான ஆட்டம் பூரா கத்தணும்? தெரிஞ்சே நிக்க வைக்கீங்களா?" என்று ஏசுபாதத்திடம் கேட்டே விட்டேன்.

"நான் எங்கம்மா நிக்க வெச்சேன்? யாரு கீப்பருன்னேன். அதுவா போயி நின்னுகினு கீது."

திரும்பிப் பார்த்தேன். கைக்குப் பொருந்தாத கிளவுஸைப் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை நான் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஹாலில் பந்து எறியச் சொல்லி உயிரை எடுக்கிறாள். ஒன்று டிவியில் பட்டது. நல்லவேளை, உடையவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நெம்மேலிப் பிள்ளைகளோடு ஆட்டம். பந்து உயரமாக வந்தது. பிடிக்க ஹரி ஓடினாள், எதிரிலிருந்து துர்காவும் ஓடிவந்தாள். கீப்பர் 'எனக்கு' என்று கத்தினால் மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். இவள் கத்தவில்லை. மோதிவிட்டார்கள். துர்காவுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

அவளுடைய அம்மா கன்னியம்மா ஓடிவந்து முந்தானையால் அழுத்திப் பிடித்தார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஹரி அழுதாள். "சொல்லணும்னுதாம்மா நெனச்சேன். வாய் தொறந்துச்சு. சத்தம் வரல."

போதும். பிள்ளைய இப்படி அழவச்சு என்ன வெளையாட்டு வேண்டிக்கெடக்கு? இனிமே அனுப்ப மாட்டேன். இவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஹரியை அனுப்பவில்லை.

பத்து மணி இருக்கும். துர்கா சைக்கிளில் வந்து நின்றாள், வீங்கின உதட்டோடு. "இன்னிக்கி ஏன் வரல?" கேட்டது ஹரியிடம்தான். நான் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஹாலில் துர்கா திட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாயத் தொறக்க வேணாம். கை தட்டு. ஒண்ணு தட்னா உன் பந்து, நான் வுட்டுர்றேன். ரெண்டு தட்னா நான் அடிச்சிர்றேன். கிளவுஸப் போடு, தட்டிப் பாக்கலாம்."

சற்று நேரம் சத்தமே இல்லை.

"தட்டு."

சத்தம் இல்லை.

"இன்னா, தட்றியா? ஒண்ணியும் கேக்கலயே."

அப்புறம் என் மகளின் குரல். மெதுவாக, ஆனால் அவள் குரல்தான்.

"கிளவுஸ்ல சத்தம் வராது."

துர்கா சிரித்தாள். பிறகு ஹரியும். நான் கேஸை அணைத்துவிட்டு அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மைதானத்தில் துர்காவின் காதில் மட்டும் ஏதோ சொல்கிறாள். ஏசுபாதம் மற்ற பிள்ளைகளைத் தனியாகக் கூட்டி, "அது பேசினா யாரும் ஆச்சரியமா பாக்கக் கூடாது, கையும் தட்டக் கூடாது. உங்க பாட்டுக்கு ஆடுங்க" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கும்தாம்மா" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

தண்ணீர் கேன் முறை. கன்னியம்மாவும் நானும் தூக்கினோம். "எம் பொண்ணு முன்னல்லாம் தோத்தா பந்த ஒதச்சித் தள்ளிட்டு வூட்டுக்கு வந்துரும். இப்ப அது மத்ததுங்களச் சமாதானம் பண்ணிகினு கீது" என்றார். எனக்கு ஹரியைப் பற்றிப் பேச ஆசையாக இருந்தது. பேசினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடி நெம்மேலி அணி. மறுபடி அதே மாதிரி உயரப் பந்து. துர்கா ஓடிவருகிறாள்.

"வுடு! என்னுது!"

மைதானம் முழுக்கக் கேட்டது. துர்கா ஒதுங்கினாள். ஹரி பந்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் நிற்காமல் போனது. நான் மட்டும் மருந்துப் பெட்டியைத் திறந்து, அதற்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

திருநெல்வேலியில் பிறந்த பிள்ளை, ஊர் கேட்க முதல்முதலாகப் பேசினது சதுரங்கப்பட்டினத்துத் தமிழ்.

மூன்று கோல் விட்டாள். தோற்றுவிட்டார்கள். வண்டியில் வரும்போது விட்ட கோல்களைப் பற்றித்தான் அவள் பேச்செல்லாம்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று ஆட்டம் முழுக்கக் கத்தினதில் ஹரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரல் வெறும் காற்றாக வருகிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தேன்.

பள்ளிக்குக் கிளம்பும்போது மிஸ்ஸுக்குச் சீட்டு எழுதித் தரச் சொன்னாள். வகுப்பில் அவள் இதுவரை வாசித்ததே இல்லை. மிஸ்ஸும் அவளைக் கேட்பதை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் எழுதினேன்: 'தொண்டை கட்டியிருப்பதால் ஹரிப்ரியாவால் இன்று பாடம் வாசிக்க முடியாது.'

வாங்கிப் பார்த்தாள். என் பேனாவைப் பிடுங்கி, அடியில் தன் கையெழுத்தில் சேர்த்தாள்.

'நாளைக்கு வாசிப்பேன் மிஸ்.'