கூடத்து விளக்கை மாற்றிவிட்டேன், சரசு

என் சரசு,

நீ இருக்கும் இடத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது? கண்ணைக் கூசாமல் இருந்தால் சரி. இங்கே குமாரபாளையத்தில் நானும் நம் கவிதாவும் நன்றாக இருக்கிறோம். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. விளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உன் ஒற்றைத் தலைவலிக்காகக் கூடத்தில் வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர் போட்டோமே, அதில் இருந்த கடைசிக் குண்டு பல்பு ஆடி மாதம் ஃபியூஸ் போய்விட்டது. கடைத்தெருவில் கேட்டால், "அதெல்லாம் இப்ப யாரு வாங்கறாங்க? எல்இடி போடுங்க, கரண்ட்டும் மிச்சம்" என்றார்கள். வாங்கி வந்து மாட்டினேன். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக எரிந்தது. குமிழைத் திருப்பிக் குறைத்தால் படபடவென்று துடித்தது, வண்டு போல ரீங்காரம் வேறு. அதனால் குறைக்காமலே விட்டுவைத்தோம்.

கவிதாவுக்கும் உன் தலைவலி வந்திருப்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு கொஞ்சம் அதிகம்தான். ஈரோட்டு ஆபீசிலிருந்து வந்ததும் கூடத்தில் உட்காராமல் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவாள். அந்த வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் செந்தில், ஜவுளிக் கடை வைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் மழை மூட்டம். விளக்கைப் போட்டிருந்தோம். பையனின் அம்மா, "வெளிச்சம் கொஞ்சம் கூசுதுங்க, கொறைக்கலாங்களா?" என்றார். எப்படி மாட்டேன் என்பது? திருப்பினேன். பல்பு துடிக்க ஆரம்பித்தது.

காபித் தட்டோடு வந்த கவிதா தட்டை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க, மத்தியானம் வெயில்ல போய்ட்டு வந்தா."

மழை மூட்டத்தில் என்ன வெயில்? உன்னைக் கட்டிக்கொடுக்கும்போதும் உன் வீட்டில் இப்படித்தானே மறைத்தார்கள். இங்கே வந்த பிறகும், பாயில் படுத்தால் என்ன சொல்வார்களோ என்று, தலை வெடிக்க வெடிக்க நீ சமைத்தாய்.

கவிதா தலையை நிமிர்த்தினாள். "வெயில் இல்லீங்க. எனக்கு ஒத்தத் தலவலி. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. வந்தா ரெண்டு நாள் எந்திரிக்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

அக்கா என்னை முறைத்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பையனின் அம்மாதான் எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா இருட்டுலயே பேசியிருப்பமுல்ல சாமி."

வாசல் வெளிச்சத்திலேயே மீதிப் பேச்சு நடந்தது. போகும்போது, "கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க" என்றார்கள். "கெடுத்துப்புட்டாளே" என்று அக்கா அழுதாள். கவிதா அழவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

பதில் வராத அந்த நாட்களில் நான் விளக்கைச் சரிசெய்தேன். வேறு என்ன செய்வது? டிம்மருக்கென்றே தனி எல்இடி பல்பு வருகிறதாம், அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதை மாட்டியும் துடிப்பு முழுதாக நிற்கவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நம் பழைய டிம்மர் குண்டு பல்பு இழுக்கும் கரண்ட்டுக்காகச் செய்தது. எல்இடி இழுப்பது துளிதான், அது அந்த டிம்மருக்குப் போதவில்லை. எல்இடிக்கு ஏற்ற டிம்மர் வாங்கி அதையும் மாற்றினேன். இப்போது துடிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரே ஒரு குறை. குண்டு பல்பைக் குறைத்தால் செம்பொன்னாக மாறுமே, அது இதில் இல்லை. மஞ்சள் பல்பாகப் பார்த்து வாங்கியதால் பரவாயில்லை.

கவிதா இப்போதெல்லாம் கூடத்தில்தான் உட்காருகிறாள். நேற்று அங்கே உட்கார்ந்து வெகுநேரம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை எனக்குப் போன் வந்தது. செந்தில்.

"எங்க ரூம்ல டியூப்லைட்டக் கழட்டிட்டு டிம்மர் போடலாம்னு இருக்கறனுங்க. எந்த பல்பு சேரும்னு உங்களக் கேக்கச் சொன்னாங்க கவிதா. அட்டைல என்ன பாத்து வாங்கோணுங்க, மாமா?"

மாமா என்றான், சரசு. பல்பைப் பற்றி என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. திரும்ப நானே கூப்பிட்டு, பல்பை மட்டும் மாற்றினால் பத்தாது, டிம்மரையும் சேர்த்து மாற்று என்று சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் பெண் தலைவலி என்று படுத்தால், அதை வெயில் என்றோ சாக்கு என்றோ யாரும் சொல்ல விடமாட்டேன். அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

இப்படிக்கு,
ஒருவனுக்கு மாமனார் ஆகப்போகிற
உன் வீட்டுக்காரன்