ஜரிகைத் தராசில் வேர்க்கடலை மாவு

என் பேச்சைக் கேட்காத மகள் ஸ்வர்ணாவுக்கு,

பேத்தி ஹரிணியை எங்களிடம் விட்டுவிட்டு நீ சென்னைக்குப் பயிற்சிக்குப் போய் இருபது நாளாகிறது. "வேர்க்கடலை பட்டாலே அவளுக்குத் தொண்டை வீங்கிரும்ப்பா, நீங்களா எதுவும் செஞ்சு வைக்காதீங்க" என்று வாசலில் நின்று எனக்கு உத்தரவு போட்டாய். நாற்பது வருஷம் ஜரிகை எடை போட்டவனுக்கு அளவு தெரியாதா?

நானே தேடிப் படித்தேன். உடம்பைக் காக்கும் டி செல்கள் கடலையை எதிரி என்று தப்பாக எண்ணிவிடுகின்றன. தினமும் துளித்துளியாகக் கொடுத்துக் கூட்டினால், அவற்றை அடக்கும் வேறு டி செல்கள் வளரும். கே.கே. நகர் அலர்ஜி டாக்டரும் இதைத்தான் செய்கிறார், பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து. நான் ஜரிகைத் தராசில் வேர்க்கடலை மாவை எடை போட்டு, தேனில் குழைத்துக் கொடுக்கிறேன்.

"தாத்தா, நாக்கு அரிக்குது."

"செல்லு பாடம் படிக்குதுடி" என்றேன். சிரித்தாள்.

நேற்றிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் நாளில் கொடுக்கக் கூடாது என்றும் படித்தேன், அது பயந்தவர்களுக்கு. உன் அம்மா அழுகிறாள். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் கடிதம்.

மூச்சுத் திணறினால் போடச் சொன்ன ஊசியை, உன் அம்மா அவசரப்பட்டுப் போட்டுவிடக் கூடாதென்று பீரோவில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். இது உன் கைக்கு வருவதற்குள் அவள் முழுக் கடலைமிட்டாய் ஒன்று தின்றிருப்பாள். அப்போது சொல், அப்பனுக்கு என்ன தெரியும் என்று.

அப்பா