கொக்கின் ஆயுசு

1903 டிசம்பர் 25, இரவு.

நான் வேலை பார்க்கும் தங்கச் சுரங்கத்துக்கு இன்று கிறிஸ்துமஸ் லீவு. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், விடியுமுன்பே படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போனேன். கையில் மிச்சமிருந்தது படம் பதிகிற கண்ணாடித் தட்டு ஒன்றே ஒன்று. பனியில் விரல் மரத்துப்போகும்வரை காத்திருந்த பிறகு, கரையோரம் ஒரு கொக்கு வந்து அசையாமல் நின்றது. பெட்டியின் மூடியை எடுத்தேன். படம் விழ மூன்று எண்ணும்வரை அது அசையக் கூடாது; அதற்குள் பின்னால் யாரோ கை தட்டினார்கள். கொக்கு பறந்துவிட்டது.

திரும்பினால், வலை போட வந்த ஒரு கிழவர்.

"இன்னாய்யா இப்படிப் பண்ணிட்டே?" என்று கத்தினேன்.

"கோச்சுக்காதீங்க சாமி. படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிடும். பாவம், வாயில்லாத ஜீவன்."

அவர் கூடையில் மீன்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. கொக்குக்கு மட்டும் இந்தக் கரிசனம்!

மரகதமும் இதையேதான் சொல்வாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட என் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றதில்லை. "உங்க கூட ரொம்ப நாள் இருக்கணும், என்னை உட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிடுவாள். ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல். போய்விட்டாள்.

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

இப்போதுதான் தட்டை மருந்தில் கழுவிப் பார்த்தேன். ஏரியும் நாணலும் நன்றாக விழுந்திருக்கின்றன. கொக்கு நின்ற இடத்தில் புகைமாதிரி ஒரு கறை.

அந்தக் கறையளவாவது அவள் எதிலாவது விழுந்திருக்கலாம்.