அதே கம்பெனிக் குழாய்

12 ஜூன், வியாழன்
காலை ஏழுக்கே வேர்வை. ஷார்ஜா ரோலாவில் எங்கள் கடை ஷட்டரில் கை வைக்க முடியவில்லை, சூடு. ஜப்பான் கம்பெனிக் கடிதம்: பழைய கேமராக்களுக்கு இனி பார்ட்ஸ் கிடையாது. அவர்கள் கேமராப் பிரிவை விற்றுத் தலைமுழுகிப் பல வருஷம். இதுவரை வந்ததே பெரிசு. முதலாளி கீழக்கரைக்காரர், அண்ணன் என்கிற முறையில் காக்கா என்போம்; எதற்கும் கலங்கமாட்டார்.
"கலாஸ் தம்பி, முடிஞ்சுது. இனி மொபைல் கவர் விப்போம்."
இருபது வருஷம் ரிப்பேர் பார்த்த கைக்கு மொபைல் கவர்.
வாங்க: தக்காளி, பிளேடு, வயிற்று மாத்திரை.

14 ஜூன், சனி
பாகிஸ்தான் டிரைவர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு எடுத்துப்போகக் கேமரா கொண்டுவந்தார். திறந்தேன். லென்ஸ் முழுக்கப் பூஞ்சை, போர்டு அரித்துவிட்டது. தேறாது. யாரிடமும் அதை முகத்துக்கு நேரே சொன்னதில்லை. "பார்ட்ஸ் வரணும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்பேன். அதற்குள் ஆசை தானே ஆறிவிடும். இவரிடமும் அதேதான், இந்தியில்.
சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை.

17 ஜூன், செவ்வாய்
அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. தொண்டை வழியாகக் கேமராக் குழாய். மெஷினில் நம்ம ஜப்பான் கம்பெனி பெயர், அதே எழுத்து. மைக்ராஸ்கோப்பில் ஆரம்பித்து, கேமராவுக்கு வந்து, எங்களை அம்போவென்று விட்டுவிட்டு இங்கே வயிற்றுக்குள் பிழைக்கிறது. பழக்க தோஷம், சீரியல் நம்பர் தேடினேன்.
"என்ன சேட்டா தேடுறீங்க?" மலையாளி நர்ஸ்.
"இவங்க கேமராதான் சிஸ்டர் நான் ரிப்பேர் பண்றேன்."
"அப்ப பயம் எதுக்கு, உங்க ஆளுதானே."
டாக்டர் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. பூஞ்சையைப் பார்த்ததும் என் முகமும் இப்படித்தான் போயிருக்கும். பிறகு நல்ல தமிழில், இதமாக:
"சின்னதா சதை எடுத்திருக்கோம். ரிப்போர்ட் வரணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."
பயமாக இருக்கிறது.

18 ஜூன், புதன்
புழுதிக்காற்று. மனைவி கமலா போன். "டாக்டர் என்னங்க சொன்னாரு?"
"ரிப்போர்ட் வரணும். ரெண்டு வாரம் ஆகும்."
"அப்ப ஒண்ணும் இருக்காது" என்றாள். சந்தோஷமாக வைத்தாள்.

28 ஜூன், சனி
கடை திறக்குமுன்பே டிரைவர் ஷட்டரடியில் நிற்கிறார்.
"பார்ட்ஸ் ஆ கயா, பாய்?" வந்துவிட்டதா என்கிறார்.
இந்தத் தடவை வாய் வரவில்லை பொய்க்கு. ஆகாது, எப்போதும் ஆகாது என்றேன். கேமராவை வாங்கித் துணியில் சுற்றினார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே, நாள் எண்ணிக்கொண்டிருந்தேனே என்றார் உருதுவில். கோபம்கூட இல்லை.
செவ்வாய் ரிப்போர்ட். நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.