பன்றிக்குத் தெரிந்ததும் பிளாக்கிக்குத் தெரிந்ததும்

நம் நாய் பிளாக்கியை முன்சீட்டில் உட்காரவைத்துத் தீவன லாரி ஓட்டிய என் அண்ணாவுக்கு,

நாயைவிடப் பன்றிக்கு அறிவு அதிகம் என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். "பன்னியா? போடி, படிச்சுப் படிச்சு உனக்குக் கழண்டுருச்சு லா" என்று சிரித்தாய். அடுத்த ஞாயிறே, நீ தீவனம் இறக்கும் பொங்கோல் பன்றிப் பண்ணைக்கு என்னையும் பிளாக்கியையும் கூட்டிப்போனாய்.

மூன்று வாளிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் அவித்த கிழங்கை வைத்தோம். வாசம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று மூன்றிலுமே கிழங்கைத் தேய்த்திருந்தேன். பிளாக்கி ஒவ்வொரு தடவையும் சரியான வாளியையே தட்டினான்.

"அண்ணா, நீ கண்ணைக் காட்டுற!"

"நானா? சத்தியமா இல்ல."

உன்னைத் திரும்பி நிற்கச் சொன்னேன். பிளாக்கி வாளிப் பக்கமே போகவில்லை. சுற்றி ஓடிவந்து உன் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

"தோத்துட்டான்" என்றேன்.

"என் மூஞ்சியப் படிக்கிறானே, அது படிப்பு இல்லையாக்கும்?"

பிறகு அந்த இளம் பெண்பன்றி. கிழங்கை எதில் வைத்தோம் என்று பார்த்து, நேராகப் போய்ப் புரட்டினாள். பின்னால் வந்த பெரிய பன்றி அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தின்றது. அடுத்த முறையும் அது கூடவே வந்தது. இவளோ சாவகாசமாக ஒரு வெற்று வாளியிடம் போய் முகர்ந்தாள். பெரியது அதை முட்டிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓடிப்போய்க் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் புல்லரித்தது. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள ஒரு மிருகத்தால் முடியுமா? "ஏமாத்திருச்சுடி" என்று கோவிலில் பேசுவதுபோல் கிசுகிசுத்தாய்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் நாற்பது நாளாகிறது. பொங்கோலில் பண்ணைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். அவள் என்ன ஆனாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நேற்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள்: "இவ கல்லு. கூடப்பொறந்தவன் போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல." அம்மா அப்படியே நம்பிவிட்டாள், அண்ணா. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது அவளுக்கு எப்படித் தெரியும்?

நேற்றும் அப்படி அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பிளாக்கி என்னை ஒரு கணம் பார்த்தான். அம்மாவிடம் ஓடி முனகினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அவனுக்கு எது தெரிந்தது? அதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்?

"என்னடா, யாரைக் காட்டுற?" என்று அம்மா எழுந்து வந்தாள். நான் துணி மடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சற்று நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இதை அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். அம்மா தேக்கா மார்க்கெட்டிலிருந்து வந்துவிட்டாள், படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சத்தியமாக அண்ணா, இந்த முறை முகம் கழுவ மாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி